31 கொப்பி ரைப் பண்ணிவிட்டேன், இதை வைத்து ஏதும் செய்யலாமா?

மல்லாவி ரீச்சர்:
வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். துணுக்காய்ப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், ஒன்பது வருடமாகிறது. போன தவணை தரம் 9 பிள்ளைகளிடம் "என் ஊர்" என்று ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, 31 கொப்பியையும் வீட்டுக்குக் காவிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு என்ன நினைத்தேனோ, சிவப்புப் பேனையை எடுக்காமல், பிள்ளை எழுதியதை எழுதியபடியே, எழுத்துப் பிழையோடு லாப்டொப்பில் ரைப் பண்ணத் தொடங்கினேன். நாலு இரவு போனது.

அண்ணாவின் மகன் வந்து அன்ட்கொங் என்று ஒரு மென்பொருள் போட்டுத் தந்தான், காசில்லை. ஆங்கிலத்தில் "நான்" என்பதற்கு வருகிற "ஐ" என்ற சொல்லைத் தேடச் சொன்னான். தேடினால் 31 பிள்ளைகளும் எழுதிய "ஐ" எல்லாம் திரையின் நடுவில் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கிறது, முன்னும் பின்னும் வந்த சொற்கள் இரண்டு பக்கமும். அடுத்து வரும் சொல்லின்படி அடுக்கலாம் என்றான், அடுக்கினோம். "ஐ ஆம் கோ", "ஐ ஆம் லைக்", "ஐ ஆம் லிவ்", "ஐ ஆம் பிளே" என்று இறங்கிக்கொண்டே போகிறது, வேலிக்குக் கதியால் நட்ட மாதிரி.

இதை நான் இவ்வளவு காலமும் காலப் பிழை என்றுதான் திருத்தினேன். வினைச்சொல்லின் வாலில் "இங்" போடு, இல்லாவிட்டால் "ஆம்" ஐ வெட்டு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதன் பிறகு "ஹி", "ஷி" தேடிப் பார்த்தேன். "ஹி கோ", "மை ஃபாதர் வேர்க்" என்றுதான் கூடுதலாக இருக்கிறது. "ஹி இஸ் கோ" அரிதாகத்தான் வருகிறது. காலம் விளங்காததுதான் சிக்கல் என்றால் அங்கேயும் அது வந்திருக்க வேண்டுமே? எனக்குப் படுவது இதுதான்: பிள்ளைக்கு "ஐ ஆம்" இரண்டு சொல் இல்லை, ஒரு சொல், அதற்கு அர்த்தம் "நான்". தரம் 3 இல் ஆங்கிலப் புத்தகம் கையில் கிடைத்த நாளிலிருந்து "என்னைப் பற்றி" என்று பத்து வரி பாடமாக்கச் சொல்கிறோம். ஐ ஆம் எ கேர்ள், ஐ ஆம் எய்ட் இயர்ஸ் ஓல்ட். நாங்கள் ஊட்டியதைத்தான் பிள்ளை திருப்பித் தருகிறது.

இதை ஒரு பயிற்சிப் பட்டறையில் காட்டினேன். வந்திருந்த ஒருவர், யாரென்று கேட்காதீர்கள், "சொல் எண்ணுவதெல்லாம் ஆராய்ச்சியா ரீச்சர், பாடத்திட்டத்தை முடியுங்கோ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்ன செய்வது.

உண்மையிலேயே இப்படி ஒரு துறை இருக்கிறதா? இதில் முதுகலை செய்யலாமா? செய்தால் சோறு போடுமா?

கணக்கு வாத்தி:
ரீச்சர், கோபிக்க வேண்டாம். 31 கொப்பி காணாது. அதைவிட, நான் இருக்கும் பாடசாலையில் இரண்டு வருடமாக ஆங்கில ஆசிரியரே இல்லை. புதுக்குடியிருப்பு றோட்டால் இறங்கி உள்ளே போய்ப் பாருங்கள், எத்தனை பாடசாலைக்கு இதே நிலை. தண்ணீர் இல்லாத கிணற்றில் தண்ணீர் மட்டம் அளக்கிற கதையாக இருக்கிறது.

குளக்கட்டு:
அக்கராயன் பிள்ளை நான், இப்போது இங்கிலாந்தில் மொழியியல் படித்துக்கொண்டு பகுதிநேரமாகப் படிப்பிக்கிறேன். ரீச்சர் கேட்ட துறைக்குப் பெயர் தரவக மொழியியல். எழுத்திலும் பேச்சிலும் உண்மையாக வந்த மொழியைப் பெருந்தொகையாகச் சேர்த்து வைத்தால் அது தரவகம், கோர்ப்பஸ் என்பார்கள். நீங்கள் திரையில் பார்த்த அந்தக் கதியால் வரிசைக்குப் பெயர் தொடரடைவு. மென்பொருளை எழுதியவர் தோக்கியோவில் வசேதா பல்கலைக்கழகத்தில் இருக்கும் லோரன்ஸ் அந்தனி.

உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றீர்களே, அதற்காகவே ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். ஜோன் சின்கிளேயர். 1933 இல் எடின்பரோவில் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில், மொழியியல் உலகம் முழுக்க அமெரிக்க மொழியியலாளர் சொம்ஸ்கியின் பின்னால் போய்க்கொண்டிருந்த நேரம், "ஒரு மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவனின் உள்ளுணர்வு போதும், வாக்கியங்களைச் சேர்த்து எண்ணி என்ன காணப் போகிறீர்கள்" என்ற பேச்சு பலமாக இருந்த நேரம், இந்த மனிதர் சாதாரண ஆட்களின் உரையாடலை ரேப்பில் பிடித்து, எழுத்தாக்கி, அந்தக் காலத்துக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மொத்தம் 1,35,000 சொல். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறது என்பதுதான் கேள்வி. அறிக்கை 1970 இல் முடிந்தது. அது புத்தகமாக வெளிவந்தது எப்போது தெரியுமா? 2004. பதிப்பித்தவர்களில் முன்னுக்கு நின்றவர் அவரோடு வேலை செய்த ரமேஷ் கிருஷ்ணமூர்த்தி. 34 வருடம்! உங்கள் பட்டறை ஆள் சிரித்தது அரை நிமிடம் இருக்குமா?

1965 இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆகிவிட்டார், 2000 வரை அங்கேதான். பெரிய வேலை 1980 இல் தொடங்கியது. கொலின்ஸ் பதிப்பகத்தின் காசு, பல்கலைக்கழகத்தின் ஆட்கள், அந்தக் கூட்டுக்குப் பெயர் கோபில்ட். அதுவரை அகராதி என்றால் பழைய அகராதிகளையும் தொகுப்பாளரின் தலையையும் ஆங்காங்கே குறித்து வைத்த மேற்கோள் துண்டுகளையும் வைத்துச் செய்வது. இவர்கள் சுமார் 2 கோடி சொல் சேர்த்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தொடரடைவை இறக்கி, வரி வரியாக வாசித்துப் பொருள் எழுதினார்கள். 1987 இல் அகராதி வந்தது. ஆங்கிலம் படிக்க வருகிற வெளிநாட்டுப் பிள்ளைக்கென்றே செய்தது. பொருள் சொன்ன விதமே வேறு. "நனை: ஈரமாக்கு" என்று விட்டுவிடாமல், "ஒன்றை நீங்கள் நனைத்தால் அது ஈரமாகிவிடுகிறது" என்று முழு வாக்கியமாக எழுதினால் எப்படியிருக்கும்? அப்படி. யார் நனைக்கிறார், எதை நனைக்கிறார் என்பதும் சேர்ந்தே பிள்ளைக்குப் போய்விடும். 1991 இல் அந்தத் தொகுப்பை இங்கிலீஷ் வங்கி என்று பெயரிட்டுத் தொடர்ந்து வளர்க்கத் தொடங்கினார்கள், பல கோடியாக அது ஊதிக்கொண்டே போனது.

இவ்வளவையும் பார்த்து அவர் சொன்னது ரீச்சரின் "ஐ ஆம்" கதைக்குப் பக்கத்தில் வருகிறது. நாங்கள் ஒவ்வொரு சொல்லாகத் தெரிந்து இலக்கணப்படி கோத்து வாக்கியம் செய்கிறோம் என்றுதான் நினைக்கிறோம், ஆனால் பெரும்பாலும் அரைவாசி முன்கூட்டியே செய்து வைத்த துண்டுகளை எடுத்துத்தான் போடுகிறோம் என்றார். அவருடைய பேர்போன உதாரணம் ஆங்கிலத்தில் வெறுங்கண் என்பதற்கான "நேக்கட் ஐ" (இந்த "ஐ" கண்). அது பெரும்பாலும் தனியாக வருவதில்லை. முன்னால் "த" என்ற சிறு சொல், அதற்கு முன் "ஆல்" அல்லது "க்கு" மாதிரி ஒன்று, அதற்கும் முன் பார்வை சம்பந்தமான ஏதாவது, எல்லாவற்றுக்கும் மேலே "கஷ்டம்" என்கிற ஒரு நிழல். தமிழில் இருக்காது என்று நினைத்து நான் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்தவை இந்த மாதிரி:

இந்தக் கிருமியை / வெறுங்கண்ணால் / பார்க்க முடியாது
அந்த வால்வெள்ளி / வெறுங்கண்ணுக்குத் / தெரியுமா
சூரிய கிரகணத்தை / வெறுங்கண்ணால் / பார்க்க வேண்டாம்

அச்சொட்டாக அதே கட்டு. முடியாது, தெரியுமா, வேண்டாம். "வெறுங்கண்ணால் என் தங்கச்சியைப் பார்த்தேன்" என்று யாரும் சொல்ல மாட்டோம், இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. மூன்றாவது வரியில் ஒரு எச்சரிக்கையும் ஏறி நிற்கிறது, கவனித்தீர்களா?

முறிகண்டி கச்சான்:
குளக்கட்டு அண்ணை, எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது, ஆனால் இந்த நிழல் விசயம் பிடித்திருக்கிறது. "நேர்ந்தது" என்று ஒரு சொல் இருக்கிறதே. விபத்து நேர்ந்தது, இழப்பு நேர்ந்தது, அவமானம் நேர்ந்தது. கலியாணம் நேர்ந்தது என்று யாராவது அழைப்பிதழ் அடித்தால் மாப்பிள்ளை வீட்டார் அடிக்க வருவார்கள்.

ஆனால் எங்கள் கடை வாசலில் பஸ் நிற்பாட்டி இறங்குகிற சனம் "பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் நேர்ந்திருக்கிறேன்" என்கிறது. அது நல்லதுக்கு நேர்ந்தது. கணினிக்கு இரண்டும் ஒரே எழுத்து, என்ன செய்யும்?

குளக்கட்டு:
ஒன்றும் செய்யாது தம்பி! நல்ல இடத்தில் பிடித்தீர்கள். முன்னும் பின்னும் நிற்கிற சொற்களைத்தான் பார்க்க வேண்டும். "தேங்காய்", "பொங்கல்", "காவடி", "பிள்ளையாருக்கு" வந்தால் அது ஒரு நேர்தல், "விபத்து", "கதி" வந்தால் மற்றது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறியலாம் என்று சின்கிளேயருக்கு முன்னமே, 1957 இல், ஃபேர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் சொல்லிவிட்டார். நீங்கள் கச்சான் வறுத்துக்கொண்டே அதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

பழைய சோக்குக்கட்டி:
பிள்ளைகள், நான் ஓய்வு பெற்று 11 வருடம். முள்ளியவளையில் இருக்கிறேன். 33 வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன். சின்கிளேயரை அகராதிக்காரர் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 1975 இல் அவரும் கூல்தார்ட் என்பவரும் வகுப்பறைப் பேச்சை எடுத்து ஆராய்ந்தார்கள். வாத்தியார் கேட்பார், பிள்ளை பதில் சொல்லும், வாத்தியார் "குட்" என்று முத்திரை குத்துவார். இந்த மூன்றும் ஒரு சுற்று. நாள் முழுக்க இந்தச் சுற்றுத்தான். இது பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் சொல்லித் தந்தது, பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்துவிட்டேன்.

பிறகு தொண்ணூறுகளில் ஒருநாள் ஞாபகம் வந்தது. என் வகுப்பிலும் அப்படியா என்று பார்க்க ஆசை. ரேப்பில் பிடிக்கலாம் என்றால் பற்றரி தடைப் பொருள், வன்னிக்குள் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட காலம். சரி என்று கடைசி வாங்கில் ஒரு பெடியனை இருத்தி, நான் கதைத்தால் ஒரு கோடு, பிள்ளைகள் கதைத்தால் ஒரு கோடு போடச் சொன்னேன். பாடம் முடிய வாங்கிப் பார்த்தால் என் பக்கம் கோடு போட இடமில்லாமல் பின்பக்கம் திருப்பியிருக்கிறான். பிள்ளைகளின் பக்கத்தில் "யெஸ் சேர்" கூட ஒழுங்காக இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மல்லாவிப் பிள்ளை, ஒன்று சொல்ல வேண்டும். நானும் பிள்ளைகளின் கட்டுரைகளை எடுத்து வைத்திருந்தேன். நல்லவை, விசித்திரமானவை, சிரிப்பு வருபவை. எழுதிய கொப்பிகளில் எழுதாத மிச்சத் தாள்களைக் கிழித்துத் தைத்த கொப்பிகள் அவை, அப்போது தாளும் தட்டுப்பாடு. மூன்று உரப்பை நிறைய இருந்தன. 2009 இல் எதை விட்டோம், எதைக் கொண்டுபோனோம் என்று எங்களுக்கே தெரியாது, கொப்பி எங்கே. அதனால் கேட்கிறேன், அந்த 31 ஐயும் இரண்டு மூன்று இடத்தில் வைத்திருங்கள்.

மல்லாவி ரீச்சர்:
சேர், இப்போதே பென் டிரைவில் போட்டுவிட்டேன். அக்காவின் லாப்டொப்பிலும் போடுகிறேன்.

நெளுக்குளம்:
வவுனியாவில் இருந்து எழுதுகிறேன், உயர்கல்விப் பக்கம் முதல் வருட மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற வேலை. குளக்கட்டு சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒன்றை அவர் தொடாமல் போகிறார். அந்த 2 கோடி சொல்லும் யாருடையது? பெரும்பகுதி பிரிட்டன்காரருடையது. அதை வைத்துத்தான் "உண்மையான ஆங்கிலம்" என்று எங்களுக்குப் புத்தகம் வருகிறது. என் மாணவர்கள் "டிஸ்கஸ் அபௌட்" என்று எழுதினால் நான் "அபௌட்" ஐ வெட்ட வேண்டும். ஆனால் எங்கள் நாட்டு ஆங்கிலப் பத்திரிகையிலும் கூட்ட அறிக்கைகளிலும் படித்தவர்கள் வாயிலும் அது சாதாரணமாக வருகிறது. அப்போது பிழை யாருக்கு?

இதற்கென்றே சிட்னி கிரீன்பாம் என்பவர் 1990 அளவில் உலகத்து ஆங்கிலங்களை ஒரே அளவுகோலில் சேர்க்கும் திட்டம் தொடங்கினார். நாட்டுக்கு 10 லட்சம் சொல், 2,000 சொல் வீதம் 500 துண்டு, அதில் 300 பேச்சு. இலங்கைக்கும் ஒரு பகுதி உண்டு, ஜெர்மனியில் கீசன் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்துச் செய்தது. ஆனால் அதற்குள் போக 18 வயது தாண்டி ஆங்கிலத்தில் படித்தவராக இருக்க வேண்டும். மல்லாவி ரீச்சரின் தரம் 9 பிள்ளை அதற்குள் இல்லை. சரி, படிக்கிற பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு வேறு தரவகம் இருக்கிறதே என்றால், பெல்ஜியத்தில் லுவெய்னில் சில்வியான் கிரேஞ்சர் தொடங்கியது, 2002 இல் முதல் பதிப்பு, 25 லட்சம் சொல், 11 தாய்மொழிக்காரர். அந்த 11 உம் ஐரோப்பிய மொழிகள். தமிழ்ப் பிள்ளை அங்கேயும் இல்லை. எனவே கணக்கு வாத்தியார் "31 காணாது" என்கிறார், நான் "இந்த 31 வேறெங்கே இருக்கிறது" என்று கேட்கிறேன்.

எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் இந்தக் கேள்வியைத் தலைமேல் வைத்துக் கதைத்தார், சுரேஷ் கனகராஜா. 1984 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துவிட்டுப் பிறகு அமெரிக்கா போனவர். அவர் சொல் எண்ணுகிற ஆள் இல்லை. தன் மாணவர்கள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் கிறுக்கி வைத்த படங்களையும் தமிழ் வரிகளையும் எடுத்து வைத்து, பாடத்தைப் பற்றி அவர்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்று பார்த்தவர். ரீச்சர், கொப்பியின் ஓரங்களையும் எறிய வேண்டாம்.

படிப்பு விசயம். முழுக்கத் தரவக மொழியியல் என்று இங்கே முதுகலை தேடினால் அலைச்சல்தான். களனியில் மொழியியல் முதுகலை இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் முதுகலை இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே செய்யலாம், ஆய்வுக் கட்டுரைக்கு இந்த 31 கொப்பியை வளர்த்து எடுங்கள். அதற்கு முன், லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2014 இல் இணையத்தில் தொடங்கிய 8 வாரத் தரவக மொழியியல் வகுப்பைத் தேடிப் பாருங்கள், நானும் அதில்தான் தொடங்கினேன், போனில் டேற்றா போட்டு.

கணக்கு வாத்தி:
எங்கேயும் இல்லை என்பதற்காக இருப்பது சரியாகிவிடுமா? ஒரு கேள்வி. அந்த "ஐ ஆம்" வரிசையில் ஒரே பிள்ளை எத்தனை வரி? ஒரு பெடியன் மட்டும் "ஐ ஆம்" "ஐ ஆம்" என்று பக்கத்தை நிரப்பியிருந்தால் உங்கள் வேலி முழுக்க அவனுடைய கதியால்தான். மொத்தத்தை எண்ணுவது எண்ணிக்கை இல்லை ரீச்சர், பரம்பலையும் பார்க்க வேண்டும்.

மல்லாவி ரீச்சர்:
சேர், இதை வாசித்தவுடன் வயிற்றைக் கலக்கியது. நான் 31 கட்டுரையையும் ஒரே கோப்பில் தொடர்ச்சியாக ரைப் பண்ணி வைத்திருந்தேன், எது யாருடையது என்று கணினிக்குத் தெரியாது. நேற்று இரவு முழுக்க இருந்து பிள்ளைக்கு ஒரு கோப்பாக வெட்டினேன். நீங்கள் சொன்னது பாதி சரி. ஒருவன் இருக்கிறான், ஒரு பக்கத்தில் பதினாலு "ஐ ஆம்". "ஐ ஆம் ஈட் ரைஸ்" இலிருந்து "ஐ ஆம் ஸ்லீப்" வரைக்கும் ஒரு முழு நாளையும் எழுதியிருக்கிறான், ஊரைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் அவனை எடுத்துவிட்டாலும், ஐந்து பேரைத் தவிர மற்ற எல்லாரிடமும் ஒன்றிரண்டாவது இருக்கிறது. அந்த ஐந்து பேரில் நாலு பேர் ரியூசனுக்குப் போகிறவர்கள்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். குளக்கட்டு அண்ணை தனியாக எழுதியிருந்தார், பர்மிங்ஹாமில் ரிம் ஜோன்ஸ் என்று ஒருவர் தொடரடைவைத் தாளில் அச்சடித்து மாணவர் கையிலேயே கொடுத்தாராம், விதியை வாத்தியார் சொல்லக் கூடாது, பிள்ளை துப்பறிய வேண்டும் என்று. சரி, கணினி அறை எங்களுக்குக் கிடைக்காது, தாள்தானே என்று 20 வரி போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். பாதி "ஐ ஆம்" வரி, பாதி "ஐ லைக்", "ஐ கோ" வரி, எல்லாம் சரியானவை, கதைப் புத்தகங்களில் இருந்து நானே எடுத்தவை. முதல் நாள் படு தோல்வி. தொடரடைவில் வரி இரண்டு பக்கமும் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும் அல்லவா? பிள்ளைகள் அதை இடைவெளி நிரப்பும் வினா என்று நினைத்து எல்லா வரியையும் முடித்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பிள்ளை, "மிஸ், மெஷினில் தாள் சரிந்துபோய்ச்சு" என்று என்மீது இரக்கப்பட்டது.

இரண்டாம் நாள் நடுச் சொல்லுக்கு மட்டும் நிறம் தீட்டச் சொன்னேன். "ஆம்" க்கு அடுத்து வருவதற்கு ஒரு நிறம், "ஐ" க்கு உடனே அடுத்து வருவதற்கு இன்னொரு நிறம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு முன்வாங்கில் ஒருத்தி, "மிஸ், ஆம் வந்தால் பிறகு ஆள் எப்படி எண்டுதான் வருகுது. வேலை வருகுதில்லை" என்றாள். ஹேப்பி, டென், எ பாய் எல்லாம் ஆள் எப்படி. கோ, லைக் எல்லாம் வேலை. "இங்" வந்தால் என்ன என்று ஒருவன் கேட்க, அவளே "அது இப்ப செய்துகொண்டு இருக்கிற ஆள்" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. சோக்குக்கட்டி சேர், என் பக்கம் கோடு இல்லை!

பழைய சோக்குக்கட்டி:
அந்தப் பிள்ளைக்கு ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு என் கணக்கில். "ஆள் எப்படி", "ஆள் என்ன வேலை". இதைவிட நல்ல இலக்கண விளக்கம் 33 வருடத்தில் நான் சொல்லவில்லை.

பாலைப்பழம்:
நான் அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன், மொழியியல் தெரியாது, ஆனால் கோப்பு தெரியும். ரீச்சர் வேர்ட் கோப்பாக வைத்திருந்தால் அன்ட்கொங்குக்குக் கொடுக்க முன் வெறும் எழுத்துக் கோப்பாக, யூரிஎஃப் 8 இல் சேமியுங்கள், இல்லாவிட்டால் மேற்கோள் குறியெல்லாம் பூச்சியாக வரும். பிள்ளைகளின் பெயரை எடுத்துவிட்டு இலக்கம் போடுங்கள், பெற்றோரிடமும் அதிபரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்தத் தரம், எந்தத் தவணை, வீட்டிலா வகுப்பிலா எழுதியது, ரியூசன் உண்டா இல்லையா என்று தனியாக ஒரு அட்டவணை வையுங்கள். பிறகு ஞாபகம் வராது.

மல்லாவி ரீச்சர்:
நன்றி தம்பி. சோறு போடுமா என்ற கேள்விக்குத்தான் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

குளக்கட்டு:
சொல்கிறேன், ஒளிக்காமல். அகராதித் தொகுப்பு வேலைகள் முந்தி மாதிரி இல்லை. பரீட்சைத் தயாரிப்பு நிறுவனங்கள், பாடநூல், கணினி மொழி வேலைகள், பல்கலைக்கழகங்களின் ஆங்கிலப் பிரிவு, இவற்றில் இடம் இருக்கிறது. நான் இங்கே வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆடி மாதம் வந்தால் நித்திரை வராது. ஆசிரிய வேலையை விட்டுவிட்டு இதற்கு வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. உங்களுக்கு ஒவ்வொரு வருடமும் புதுசாக 31 கொப்பி கையில் கிடைக்கிறது, எனக்கு அது கிடைக்காது. சின்கிளேயர் 2000 இல் ஓய்வு பெற்ற பிறகும் இத்தாலியில் இருந்துகொண்டு ஆட்களுக்கு இதைப் பழக்கிக்கொண்டுதான் இருந்தார், 2007 இல் சாகும்வரை. ஆனால் அவருக்கு ஓய்வூதியம் இருந்தது.

மல்லாவி ரீச்சர்:
சரி, விளங்குகிறது. திறந்த பல்கலைக்கழக விண்ணப்பம் எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்க்கிறேன், வேலையை விடவில்லை.

போகிற போக்கில் ஒன்று. நேற்று சும்மா "டாங்க்" என்று தேடினேன். வவுனிக்குளம் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள், குளத்தைப் பற்றி எழுதாமல் விடுவார்களா? எங்கள் நாட்டு ஆங்கிலத்தில் குளத்துக்கு "டாங்க்" என்றுதானே சொல்வது, புத்தகத்திலும் அப்படித்தான். ஒரே ஒரு இடத்தில் வந்தது, அதுவும் வீட்டுக் கூரையில் இருக்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. "குளம்" என்று தேடினேன், ஆங்கில எழுத்தில். பத்துப் பன்னிரண்டு வந்தது. "அவர் குளம் இஸ் வெரி பிக்". "இன் ரெய்னி சீசன் குளம் இஸ் ஃபுல்". ஏன் என்று கேட்டேன். "மிஸ், டாங்க் எண்டால் யுத்த டாங்கி அல்லது கூரைத் தொட்டி, குளம் எண்டால் குளம்" என்கிறார்கள். 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள், யுத்த டாங்கி அவர்களுக்கு எப்படி முதலில் வந்தது என்று தெரியவில்லை. அந்தச் சொல்லுக்குக் கீழ் சிவப்புக் கோடு போடுவதா விடுவதா என்று பேனையை வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

நெளுக்குளம்:
போட வேண்டாம். எங்கள் பக்கத்தில் இருந்து ஆங்கிலத்துக்குப் போன "ரூபி" (ரூபாய்) மாதிரி, "சாரி" (சேலை) மாதிரி அதுவும் போகட்டும். அட்டவணையில் மட்டும் எழுதி வையுங்கள்.

முறிகண்டி கச்சான்:
எனக்கும் குளம் எண்டால் குளம்தான்.

கணக்கு வாத்தி:
எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ரீச்சர் சொல்கிறார், "ஐ ஆம்" நாங்கள் ஊட்டியது என்று. அதைச் சோதிக்க வேண்டுமென்றால் ஊட்டாத வகுப்பு ஒன்று வேண்டும். என்னிடம் இருக்கிறது. தரம் 9, ஆங்கில ஆசிரியர் இல்லாமல் இரண்டு வருடம், பாட நேரத்துக்கு நான் போய்ச் சும்மா இருக்கிறேன். தரம் 3 இல் யார் என்ன பாடமாக்கினார் என்று விசாரிக்கிறேன். போன கிழமை "என் ஊர்" எழுதச் சொல்லி 28 கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன், சிலது இரண்டு வரிதான். திறந்து பார்க்கவில்லை, பார்த்தால் மனம் சாயும். பெயர் எல்லாம் ஒட்டி மறைத்தாயிற்று. ஆனால் நான் ரைப் பண்ண மாட்டேன், என் விரலுக்கு அது சரிவராது.

பாலைப்பழம்:
சேர், சனிக்கிழமை கிளிநொச்சிக்குக் கொண்டு வாருங்கள், கந்தசுவாமி கோயிலடியில் நிற்கிறேன். நாங்கள் நாலு பேர் இருக்கிறோம், ஆளுக்கு ஏழு கொப்பி.